கானாங் மெலிந்த வருஷம்

கானாங்கின் கல்யாண மோதிரம் பாசிக் குவியலுக்குள் விழுந்துவிட்டது. அவள் வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து கடலில் வளர்க்கிற விதைப்பாசியைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு, ஈரப்பாசியை அள்ளி அள்ளி உதறித் தேடினோம். தொலைத்தவள் மட்டும் தேடவில்லை. தூணில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"பாத்தீங்களாட்டி? சோப்பு போட்டு இழுத்தாலும் கழறாத மோதிரம். இன்னைக்குத் தானா விழுந்துட்டு!"

"மோதிரம் தொலைஞ்சதுக்கு ஒருத்தி இப்பிடிப் பல்லைக் காட்டுறத இப்பத்தான் பாக்கேன்," என்றாள் சஹரியா. "புருஷன் தொலைஞ்சாலும் சிரிப்பா போல."

"அவரு தொலைஞ்சா நீயே எடுத்து வச்சுக்க. திருப்பித் தர வேண்டாம்."

மோதிரம் கிடைத்தது. கானாங் அதை விரலில் போட்டு, கையைக் கவிழ்த்து உதறினாள். மறுபடியும் விழுந்தது. மறுபடியும் போட்டு உதறினாள். சின்னப்பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி இருந்தது அவள் முகம். குளிர்காற்று கடலிலிருந்து வந்து வீட்டுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கெல்லாம் குளிரில் கை விறைத்தது. அவளுக்கோ நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை. அதை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கானாங் எங்கள் லைக்காங் கரையில் பிறந்தவள் இல்லை. மேலே, முட்டைக்கோசு விளைகிற குளிர்ந்த மலையூர்ப் பெண். மாடு வாங்கப் போன அவள் புருஷன் ரூருங், மாட்டோடு சேர்த்துப் பெண்ணையும் பேசி முடித்துவிட்டு வந்தார் என்று கரையில் இன்றைக்கும் கேலி உண்டு. அவள் வந்தபோதே தொண்டைக்குழிக்கு மேலே பாக்கு அளவுக்கு ஓர் உருண்டை இருந்தது. அவள் ஊரில் பாதிப் பெண்களுக்கு அப்படி உண்டாம். எச்சில் விழுங்கினால் அது மேலே ஏறி இறங்கும். எங்கள் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். பிறகு எல்லோருக்கும் பழகிப்போயிற்று.

மெல்லிசாக வந்தவள் பிள்ளைகள் பெற்றபின் பெருத்துப்போனாள். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை. கயிற்றில் வரிசையாகச் சின்ன வளையங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கொத்துப் பாசியை வைத்து முடிச்சுப் போட வேண்டும். அதில் கரையிலேயே அவள் கைக்கு ஈடு கிடையாது. பேசிக்கொண்டே, சஹரியாவைத் திட்டிக்கொண்டே, பார்க்காமலே கட்டுவாள். ஆனால் எழுந்திருக்கும்போது மட்டும் தூணைக் கட்டிப்பிடித்து, முட்டி இரண்டும் சொடுக்கு விட, "அல்லா, அல்லா" என்றபடிதான் எழுந்திருப்பாள். பாசி காயப்போடுகிற மூங்கில் மேடையில் அவள் ஏறினால் ரூருங் நாலு பேர் காதில் விழுகிற மாதிரிச் சொல்லுவார்: "எறங்குளா கீழே. மேடை போச்சுன்னா உன் அப்பனா வந்து கட்டித்தருவான்?" எல்லோரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

ரூருங்கின் தங்கச்சி ஹார்த்தினா மக்காசார் நகரத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவள். அந்த வருஷம் மழை ஓய்ந்ததும் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினாள். பெட்டி நிறைய வெள்ளை டப்பாக்கள். பச்சையும் பழுப்புமாகக் கேப்சூல் மாத்திரைகள். கடல்பாசியில் செய்தது, உடம்பைக் குறைக்கும் என்றாள்.

"நம்ம பாசியா?" என்று கானாங் கேட்டாள்.

"நம்ம பாசி இல்ல மதினி. பழுப்புக் கோரைப்பாசி. அதுலதான் சத்து."

ரூருங் கடலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கயிற்றில் சிக்கிக் கிடந்த கோரைப்பாசியை ஒரு கை பிடுங்கித் தங்கச்சி முன்னால் போட்டார். அது சொரசொரவென்று, சின்னச்சின்னக் காற்றுக் குமிழோடு, சேறு நாறிக்கொண்டு கிடந்தது.

"இதுவா? இந்தக் கழிசடைய நான் தெனமும் கயித்துலருந்து புடுங்கி எறியுதேன். இதை டப்பாவுல போட்டு எனக்கே விக்க வந்திருக்கியா?"

"அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஜப்பான்காரன், கொரியாக்காரன் எல்லாம் இதைத்தான் திங்கான். அங்க ஒரு குண்டன் உண்டா?"

"டிவியில தொப்பையோட முட்டிக்கிட்டு மல்லுக்கட்டுதானே ஜப்பான்காரன், அவன் என்னத்தத் திங்கான்?"

ஹார்த்தினாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. அவள் பொய் சொல்லவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். அவளே எங்கள் முன்னால் விழுங்கினாள். விற்பதை முழுசாக நம்பினாள்.

கரையில் எல்லோரும் வாங்கினோம். ஒருத்தி வாங்கினால் அடுத்தவள் எப்படிச் சும்மா இருப்பாள்? பெரிய கோப்பைத் தண்ணீரோடு விழுங்கினால் உள்ளே போய் ஊதும், பசிக்காது என்றாள். எனக்கு ஏதோ கொஞ்சம் பசி மந்தித்தது. மற்றபடி ஏப்பம் விட்டால் தண்ணீர் வற்றிய கடல் நாறியது. எடை நகரவில்லை. சஹரியாவுக்கு வெகுநாள் மலச்சிக்கல் தீர்ந்தது. "தொண்ணூறு வயசு வரைக்கும் இதை விடமாட்டேன்" என்றவள், அடுத்த வாரமே வயிறு இளகி, கட்டுகிற வேலையை விட்டுவிட்டு ஓடி ஓடிப் போய்வந்தாள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். டப்பா முடிந்ததும் எல்லோரும் விட்டுவிட்டோம்.

கானாங் விடவில்லை. அவளுக்குத்தான் குறைந்தது.

முதலில் கன்னம் இறங்கியது. பிறகு கை, இடுப்பு. தூணைப் பிடிக்காமலே எழுந்தாள். எழுந்து நின்று எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்ப்பாள். பள்ளிவாசல் விருந்துக்குப் பழைய பட்டுச்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தபோது, வாசலில் நின்ற ஆண்கள் யார் வீட்டுப் பெண் என்று திரும்பிப் பார்த்தார்கள். ரூருங்கும் கேலியை நிறுத்தியிருந்தார். ஹார்த்தினா வந்து படம் எடுத்தாள். பழைய கானாங், புது கானாங், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லார் போனுக்கும் அனுப்பினாள். எங்கெங்கோ இருக்கிற ஊர்களிலிருந்து அவளைக் கேட்டு அழைப்பு வந்தது.

மோதிரம் விழுந்தது அந்தச் சமயத்தில்தான்.

ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்று இடித்தது. மெலிகிறவள் தின்ன மாட்டாள் என்றுதானே நினைப்போம். கானாங் அள்ளி அள்ளித் தின்றாள். புளிக்குழம்பு மீனோடு ஒரு தட்டுச் சோறு, அது இறங்குமுன் ஒரு சட்டி சோளக்கஞ்சி, பிறகு மிளகாய்ச் சம்பலில் தோய்த்து பொரித்த வாழைப்பழம். தின்றுவிட்டு உடனே பசிக்கிறது என்பாள். பேச்சு வேகமானது. சண்டை அதைவிட வேகமானது. தூக்கம் இல்லை என்றாள். கண் இரண்டும் எப்போதும் எதையோ கண்டு திடுக்கிட்ட மாதிரி விரிந்திருந்தன.

அப்புறம் கை. முதலில் கோப்பையைப் பிடிக்கும்போது மட்டும் நடுங்கியது. பிறகு முடிச்சிலும் வந்தது. இந்த முடிச்சை இறுக்கினால் பாசித்தண்டு அறும். தளர்த்தினால் அலை கொண்டுபோகும். பார்க்காமலே கட்டுகிறவள் இப்போது குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரே வளையத்தோடு மல்லுக்கட்டினாள்.

ஒருநாள் ரூருங் கடலிலிருந்து வந்தார். ஒரு கயிற்றுச் சுருளைத் தூக்கி எங்கள் நடுவில் எறிந்தார். போன வாரம் கட்டிக்கொடுத்த கயிறு. பாதி வளையங்கள் காலி.

"யாரு கட்டினது?"

எல்லோரும் கானாங்கின் கையைப் பார்த்தோம்.

"கேக்கேன்லா? கடல்ல விதைச்சிருக்கா என் பொண்டாட்டி. மீனும் பாசியத் தின்னு மெலியட்டும்னா?"

"அலை அடிச்சிருக்கும்," என்றாள் கானாங்.

"உன் கயித்துல மட்டும் அடிக்கிற அலையா? பக்கத்துல பூஜி கட்டின கயிறு நெறஞ்சு கெடக்கு," என்று என்னைக் காட்டினார். "அழகி ஆயிட்டேன்னு வேலை மேல கவனம் இல்ல. எந்நேரமும் கண்ணாடி."

"குண்டா இருந்தேன், ஊரக் கூட்டிச் சிரிச்சீங்க. இப்பக் கண்ணாடி பாத்தா அதுக்கும் ஏசுதீங்க. நான் என்னதான் செய்யணும்னு எழுதிக் குடுத்துருங்க."

அவர் கயிற்றைக் காலால் தள்ளிவிட்டுப் போனார். நான் பாசிக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னேன்: "கானாங், ரெண்டு நாளு அந்த மாத்திரைய நிப்பாட்டிப் பாரேன். உன் கை சரியில்லம்மா."

அவள் திரும்பிய வேகத்தில் நான் பின்னால் நகர்ந்தேன்.

"நீயும் அதைத்தான முழுங்குன பூஜி அக்கா? உனக்கு எறங்கல. எனக்கு எறங்குது. அதான உன் வயித்தெரிச்சல்? இத்தனை வருஷம் உன் பக்கத்துல குண்டச்சியா உக்காந்திருந்தேன், உனக்கு அழகா இருந்துச்சு. இப்ப உறுத்துதோ?"

சஹரியா உட்பட எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் எழுந்து, பாவாடையில் ஒட்டிய பாசியைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் மூஞ்சியில் இனி முழிப்பதில்லை என்று இருந்தேன்.

நான் போனபிறகு கானாங் ஹார்த்தினாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். இது பிற்பாடு அவளே சொன்னது. கை நடுங்குது, நெஞ்சு படபடங்குது என்றிருக்கிறாள். "நல்லதுதான் மதினி," என்றாளாம் ஹார்த்தினா. "உள்ள கெடந்த அழுக்கெல்லாம் கரைஞ்சு வெளிய போவுது. அப்பிடித்தான் இருக்கும். பயந்துக்கிட்டு நிப்பாட்டிராதீங்க. ஒண்ணுக்கு ரெண்டாப் போடுங்க." இவளும் போட்டாள்.

அதற்குச் சில நாள் கழித்து, காயப்போட்ட பாசியைத் திருப்பிப் போடுகிற உச்சிவெயில் நேரம். சஹரியா போட்ட கூச்சலில் கோபத்தையெல்லாம் மறந்து ஓடினேன். மூங்கில் மேடையில் பாசிக்கு மேலேயே கானாங் மல்லாந்து கிடந்தாள். உடம்பெல்லாம் உப்பு. அவள் நெஞ்சில் கை வைத்தேன். கோழிக்குஞ்சைப் பொத்திப் பிடித்தால் உள்ளங்கைக்குள் அடித்துக்கொள்ளுமே, அப்படி அடித்தது. "அக்கா, செத்துருவேனா?" என்று கேட்டாள். ரூருங்கும் நானும் அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றினோம். தூக்கும்போதுதான் தெரிந்தது, எவ்வளவு லேசாகிவிட்டாள் என்று. ரூருங் என்னைப் பார்த்தார்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் முலியானி நாடியைப் பிடித்துப் பார்த்து, கையை நீட்டச் சொல்லி விரல்மேல் ஒரு தாளை வைத்தாள். தாள் காற்றில் ஆடுகிற இலை மாதிரி ஆடியது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. தொண்டை உருண்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "என்ன சாப்பிடுத?" என்று கேட்டாள். கானாங் என்னைப் பார்த்தாள். வண்டி ஏறுமுன் அவள் வீட்டிலிருந்து எடுத்துவந்த டப்பாவை நான்தான் நீட்டினேன்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். பொறுமையாகச் சொன்னாள். மலையூரில் உப்பிலும் தண்ணீரிலும் அயோடின் கிடையாது. அதற்கு ஏங்கி ஏங்கித்தான் கழுத்துச் சுரப்பி இப்படி வீங்கியது. கோரைப்பாசியிலோ அயோடின் அளவில்லாமல் கிடக்கிறது. வருஷக்கணக்கில் பட்டினி கிடந்த சுரப்பிக்கு ஒரேயடியாகக் கொட்டினதில் அதற்கு வெறி பிடித்துவிட்டது. உடம்பை உள்ளேயே எரித்துக்கொண்டிருக்கிறது.

"அப்ப இது விஷமா?" என்று ரூருங் கேட்டார்.

"எல்லாருக்கும் விஷம்னு சொல்ல மாட்டேன். பாசியில நார்ச்சத்து இருக்கு, வயிறு கொஞ்சம் நெறஞ்ச மாதிரி இருக்கும். அதுக்காக எடை பெருசா ஒண்ணும் கொறஞ்சுராது. ஆனா ஒரு மாத்திரைக்குள்ள எவ்வளவு அயோடின் இருக்குன்னு இந்த டப்பாவுல எங்கயும் போடல. கழுத்துல கட்டி இருக்கவங்க இதைத் தொடவே கூடாது."

"எனக்குக் கொறஞ்சுதே," என்றாள் கானாங்.

"அது மாத்திரை கொறைக்கல அக்கா. நோய் கொறைச்சுது."

கானாங் மோதிரத்தை விரலில் சுழற்றிக்கொண்டே கேட்டாள்: "நீங்க குடுக்குற மருந்தைத் தின்னா, எடை?"

"திரும்ப வரும். வரணும். வந்தாத்தான் குணமாகுதுன்னு அர்த்தம்."

"அப்ப வேண்டாம்," என்று சொல்லி அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரூருங் அவளை அன்றைக்குத் திட்டவில்லை. திட்டியதெல்லாம் தங்கச்சியை. வீடு திரும்பியதும் போன் போட்டு வரவழைத்து, அவள் செருப்பைக் கழற்றி ஏணிப்படி ஏறுமுன்னாலே ஆரம்பித்துவிட்டார்.

"கொன்னுருப்பியேடி. அண்ணன் பொண்டாட்டியக் கொன்னு, அவ படத்தைக் காட்டியே வித்திருப்ப."

"வாய்க்கு வந்தபடி பேசாதீங்க அண்ணே. நானும் அதைத்தான் முழுங்குதேன். எத்தனை பேரு முழுங்குதாங்க! யாருக்கு என்ன ஆச்சு? இவங்களுக்குக் கழுத்துல நோய் இருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கண்ணு அவிஞ்சா போச்சு? அவ வந்த நாள்லருந்து அது கழுத்துலதான இருக்கு?"

"உங்களுக்குத் தெரிஞ்சுதா? வருஷக்கணக்கா ஒரே பாயில படுக்கீங்க. ஒருநாளாவது டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனீங்களா? மேடை ஒடிஞ்சுரும், மேடை ஒடிஞ்சுரும்னு ஊருக்கு முன்னால சொன்னது நானா நீங்களா? அதுக்குத்தான மதினி எங்கிட்ட வந்தாங்க!"

ரூருங் கையை ஓங்கிவிட்டார். நான் குறுக்கே போனேன்.

படுக்கையிலிருந்து கானாங் சொன்னாள், குரல் உயராமல்: "நிறுத்துங்க ரெண்டு பேரும். அவருக்குக் கயிறு போச்சு. இவளுக்கு யாவாரம் போகப்போவுது. அதுக்குச் சண்ட போடுதீங்க. என்னை யாரும் கேக்கல." பிறகு ஹார்த்தினாவிடம், "ஏட்டி, என் படத்தை அழிச்சிரு."

"அது எல்லார் போனுக்கும் போயாச்சு மதினி. நான் எங்கன்னு போய் அழிக்க?"

"அப்ப இனிமே காட்டாத."

ஹார்த்தினா இறங்கிப்போனாள்.

பிறகு ஒருநாள், அவள் பக்கத்து ஊர் ஹாஜி வீட்டில் மாத்திரை விற்கக் கூட்டம் வைத்திருப்பது சஹரியா சொல்லித்தான் தெரிந்தது. பெரிய துணியில் கானாங் படம் அச்சடித்துக் கட்டியிருக்கிறாளாம். கானாங் அதைக் கேட்டுவிட்டுச் சோறு தின்றாள், முகம் கழுவினாள், அந்தப் பட்டுச்சட்டையைப் போட்டாள். "பூஜி அக்கா, என்கூட வா" என்றாள். என்னிடம் மன்னிப்பெல்லாம் அவள் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. போனேன்.

ஹாஜி வீட்டு மேல்தளத்தில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் இரண்டு கானாங், பழையவளும் புதியவளும், ஆள் உயரத்துக்கு. நிஜக் கானாங் உள்ளே நுழைந்ததும் கூட்டம் கைதட்டியது. "இவதான்! இவதான்!" என்று ஒருத்தியை ஒருத்தி இடித்தார்கள். ஹார்த்தினாவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "வாங்க மதினி" என்றாள். வாய் மட்டும்தான் அசைந்தது.

தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கானாங் நடுவில் உட்கார்ந்து, "எனக்கு விளிம்பு வரைக்கும் ஊத்துங்க" என்றாள். சாசரோடு வாங்கி, எல்லோரும் பார்க்கிற மாதிரிக் கையை நீட்டினாள். கோப்பை சாசரில் கடகடவென்று அடித்தது. சுடுதேநீர் வழிந்து அவள் விரலில், மடியில், பட்டில் எல்லாம் கொட்டியது. அவள் கையை இழுக்கவில்லை. பாதிக் கோப்பை காலியானது.

"இந்தக் கையாலதான் கயிறு கட்டிப் பொழைச்சேன்," என்றாள். "எங்க கரையில என்னை மாதிரிக் கட்ட ஆள் கெடையாது, வேணும்னா இந்தா பூஜி அக்காவக் கேளுங்க. இப்ப ஒரு முடிச்சு நிக்கல. ராத்திரி தூக்கம் இல்ல. நெஞ்சு வெடிச்சுரும் போல அடிக்கி. சொவத்துல இருக்காளே, அவ மெலியல. அவளுக்கு நோய். டாக்டர் சொல்லிட்டா."

கீழே ஆடு கத்துவது கேட்டது. ஹார்த்தினா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "எத்தனை கிலோ கொறஞ்சுது?"

கானாங் அவளைப் பார்த்தாள். "பதினெட்டு."

"எத்தனை மாசத்துல?"

"நாலு."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. "கழுத்துல கட்டி இருந்தாத்தான அந்தத் தொந்தரவு?" என்றாள் இன்னொருத்தி, தன் தொண்டையைத் தடவிக்கொண்டே. "எனக்கு ஒண்ணும் இல்லையே." பக்கத்தில் இருந்தவளும் தடவினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டில் இருந்த அத்தனை பெண்களும் தலையை நிமிர்த்தித் தங்கள் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள். எச்சிலை விழுங்கிப் பார்த்தார்கள். ஒருத்திக்கொருத்தி தொட்டும் பார்த்துக்கொண்டார்கள்.

ஹார்த்தினாவின் பெட்டி அன்றைக்குக் காலியானது. கூப்பிட்டு விற்கவேண்டிய அவசியமே அவளுக்கு இருக்கவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் கானாங் தேநீர் பட்டுச் சிவந்த விரல்களை ஊதிக்கொண்டே இருந்தாள். ஊர் எல்லை வந்தபிறகு சொன்னாள்: "நானா இருந்தாலும் வாங்கியிருப்பேன் அக்கா." வீட்டுக்குள் போய், டாக்டர் கொடுத்து அதுவரை பிரிக்காமல் வைத்திருந்த மருந்தைப் பிரித்து விழுங்கினாள்.

மழைக்காலம் வந்து போயிற்று. நெஞ்சுத் துடிப்பு அடங்கியது, தூக்கம் வந்தது, கை நிலைத்தது. டாக்டர் சொன்ன மாதிரியே சதை திரும்பியது. ஒவ்வொரு சட்டையாக அவள் அலமாரியின் அடித்தட்டுக்கு இறக்கினாள். நோன்புப் பெருநாளுக்கு ஹார்த்தினா வரவில்லை. ஆள்விட்டுப் பலகாரம் அனுப்பினாள். கானாங் மூடியைத் திறக்காமல் திருப்பி அனுப்பினாள். அண்ணனும் தங்கச்சியும் இன்றைக்கு வரைக்கும் பேச்சில்லை.

புதுப்பருவத்துக்கு முதல் கயிறு கட்டுகிற நாள். கானாங் தூணைப் பிடித்து, முட்டி சொடுக்கு விட, எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தாள். பாசியை எடுத்தாள், கட்டினாள். முன்னே மாதிரி வேகம் இல்லை. ஆனால் நின்றது. ரூருங் குனிந்து ஒரு முடிச்சைச் சுண்டிப் பார்த்தார். இன்னொன்றையும் சுண்டினார். அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. கயிற்றுச் சுருளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சந்தோஷமாகத்தான் சொன்னார்:

"பழைய ஆளா ஆயிட்ட கானாங்!"

அவள் கையிலிருந்த கொத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பழைய ஆளை உங்களுக்கு எப்ப புடிச்சுது?"

அவர் சிரிக்கப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சஹரியாகூடச் சிரிக்கவில்லை.

"சொல்லிட்டுக் கடலுக்குப் போங்க," என்றாள் கானாங். "எல்லாரும் இருக்காங்க. சொல்லிட்டுப் போங்க."

ஈரக்கயிற்றிலிருந்து தண்ணீர் அவர் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் சுருளைத் தோளில் சரிசெய்துகொண்டு, "தண்ணி ஏறுது" என்று யாருக்கோ சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் படகைப் பார்த்து நடந்தார்.